'தி அன்டேம்ட்' ஏமாற்றிய பிறகு: விடுவதா, தொடர்வதா, வேறு வாசலில் நுழைவதா?

அக்கா மகள் சொன்ன சீன மாயாஜாலத் தொடர் என்பதால் 'தி அன்டேம்ட்' மேல் எனக்கு நிறைய எதிர்பார்ப்பு இருந்தது. "சித்தி, இதை முடிச்சீங்கன்னா பத்து நாளைக்கு வேற எதையும் பார்க்கத் தோணாது" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன். இரண்டாவது எபிசோடு முடியும்போது யார் யாருக்கு என்ன உறவு, யார் எதற்காகக் கண் கலங்குகிறார்கள் என்று எதுவும் பிடிபடவில்லை. விடாமல் இன்னும் பத்துப் பன்னிரண்டு எபிசோடு ஓட்டினேன். குகைக்குள் ஒரு ராட்சத ஆமை வந்தது. அந்த கிராபிக்ஸைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய் நிறுத்திவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து வேறு வழியாக அதே கதைக்குள் மறுபடியும் போனேன். இன்று அது எனக்கு மிகவும் வேண்டிய கதைகளில் ஒன்று. அதனால், பாதியில் கைவிட்டு நிற்கிறவர்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எதில் என்ன கிடைக்கும் என்று எழுதலாம் என்று தோன்றியது. கதையின் பெரிய ரகசியம் ஒன்றை மட்டும் எங்கேயும் உடைக்க மாட்டேன். மற்றவை கொஞ்சம் வெளியே வரும்.

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். சீனத்தில் இதன் பெயர் 'சென் சிங் லிங்'. 2019 ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை டென்சென்ட் வீடியோவில் வந்தது. மொத்தம் 50 எபிசோடு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். வெய் வூஷியானாக ஷியாவ் ஜான், லான் வாங்ஜியாக வாங் யீபோ, இருவரும் நாயகர்கள். மோ ஷியாங் தொங் ஷியூ என்ற புனைபெயரில் எழுதுபவர் 2015-16இல் ஜின்ஜியாங் இணையதளத்தில் தொடராக எழுதிய 'மோ தாவ் ஸூ ஷி' நாவல்தான் மூலம். தொடருக்கு முன்பே, 2018இல், அதே நாவல் அனிமேஷனாகவும் வரத் தொடங்கியிருந்தது. ஆக, ஒரே கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களை ஏமாற்றியது அதில் ஒருவர் சொன்ன விதம்.

எது கசந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்த வழி என்று முடிவெடுக்க முடியும். என் அனுபவத்திலும், என்னோடு பேசியவர்கள் சொன்னதிலும் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆரம்பக் குழப்பம். கிராபிக்ஸும் சண்டைக் காட்சிகளும் மலிவாகத் தெரிவது. மூன்றாவது கொஞ்சம் ஆழமானது: கதை எதையோ சொல்ல வந்து மழுப்புகிறது என்ற உணர்வு.

குழப்பத்தில் பாதி, பெயர்களால் வருவது. வெய் யிங், வெய் வூஷியான், யீலிங் லாவ்ஸூ மூன்றும் ஒரே ஆள்தான். வெய் யிங் பிறந்தபோது வைத்த பெயர். வெய் வூஷியான் வளர்ந்தபின் வெளியார் கூப்பிடுவதற்கென்று வைத்த மரியாதைப் பெயர். மூன்றாவது, ஊர் பயந்துபோய்க் கொடுத்த பட்டம். அதேபோல லான் ஜான், லான் வாங்ஜி, ஹான்குவாங்-ஜுன் என்பதும் ஒருவர்தான். பழைய சீன வழக்கத்தில் பிறந்த பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உரிமை வீட்டுப் பெரியவர்களுக்கும் மிக நெருங்கியவர்களுக்கும்தான். சம வயதுக்காரன் அப்படிக் கூப்பிட்டால் ஒன்று மரியாதைக் குறைவு, இல்லாவிட்டால் அத்தனை நெருக்கம். சிரிக்கவே சிரிக்காத, விதிகளை ஒரு அங்குலம் மீறாத லான் வாங்ஜி அவனை 'வெய் யிங்' என்றுதான் கூப்பிடுகிறான். சப்டைட்டிலை மட்டும் படித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது தட்டுப்படாது. காதையும் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். இது தெரிந்தபிறகு பெயர்கள் எனக்குச் சுமையாக இல்லை. யார் யாரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

மீதிப் பாதி, கதையைச் சொல்லும் வரிசையால் வருவது. முதல் காட்சியிலேயே போர்க்களம், மலை முகடு, வெய் வூஷியான் கீழே விழுகிறான், லான் வாங்ஜி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அடுத்து 16 ஆண்டு ஓடிவிடுகிறது. அவன் மறுபடி உயிரோடு எழுகிறான். இரண்டு எபிசோடு இப்படிப் போய், மூன்றாவதிலிருந்து ஒரு பெரிய ஃப்ளாஷ்பேக் தொடங்குகிறது. அது 33ஆம் எபிசோடு வரை போகிறது! நடுவில் நிகழ்காலத்துக்குத் திரும்புவதே கிடையாது. முதல் இரண்டில் பார்த்த முகங்களை 30 எபிசோடு கழித்து ஞாபகம் வைத்திருக்க யாரால் முடியும்?

இப்போது வழிகளுக்கு வருவோம்.

விட்ட இடத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. 50 எபிசோடும் பார்க்க ஏறக்குறைய 37 மணி நேரம் ஆகும். 15ஆம் எபிசோடை ஒட்டித் தாமரைத் துறை வீழ்கிறது. வெய் வூஷியான் வளர்ந்த வீடு அது. அதுவரை பள்ளிக்கூடக் குறும்பும் ஊர் சுற்றலுமாகப் போன கதை அங்கிருந்து வேறு கதையாகிவிடுகிறது. நான் நிறுத்தியது அதற்குச் சற்று முன்னால் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் 15ஐத் தொடாமல் கைவிட்டிருந்தால் இன்னும் மூன்று எபிசோடு கொடுத்துப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அந்த மூன்றும் தொடவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை. அதற்கு மேல் 30 எபிசோடு பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் கிடையாது.

தொடரின் உண்மையான பலம் குடும்பக் காட்சிகள். நாவலை விடவும் அனிமேஷனை விடவும் அங்கே தொடர்தான் மேல் என்பேன். ஒரு காட்சியைச் சொல்கிறேன். உலகமே வெய் வூஷியானைத் தள்ளி வைத்திருக்கும் நேரம். அவனுக்கு அக்கா போன்ற ஜியாங் யான்லிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவனால் கல்யாணத்துக்கு வர முடியாது. அவளே கல்யாண உடையை உடுத்திக்கொண்டு அவன் இருக்கும் ஊருக்கு வந்து நிற்கிறாள், தம்பி ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று. கையோடு தாமரைக்கிழங்கும் பன்றி விலா எலும்பும் போட்ட சூப் கொண்டு வந்திருக்கிறாள். சின்ன வயதில் அவனுக்கு ஊட்டிய அதே சூப். கிண்ணத்தில் ஊற்றி அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனோடு இருக்கும், ஊரே பார்த்து நடுங்கும் வென் நிங்குக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கிறாள். பெரிய வசனம் எதுவும் இல்லை. நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அதேசமயம் குறைகளையும் சொல்ல வேண்டும். நாவலில் இல்லாத 'யின் இரும்பு' என்ற மந்திர உலோகத்தைத் தேடி அலையும் ஒரு இழையைத் தொடர் சேர்த்திருக்கிறது. அது வரும்போதெல்லாம் கதை நொண்டுகிறது. நாவலில் பிணங்கள் எழுந்து நடக்கும். தணிக்கைக்காகத் தொடரில் அவை 'ஆட்டுவிக்கப்படும் பொம்மைகள்' ஆகிவிட்டன. திகில் போய்விட்டது. கடைசி எபிசோடுகளில் எல்லோரும் ஒரு கோயில் மண்டபத்துக்குள் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். விறுவிறுப்பை எதிர்பார்த்தால் அங்கே மறுபடியும் ஏமாறுவீர்கள்.

எனக்குப் பலித்த வழி இரண்டாவது: மூன்றாம் எபிசோடிலிருந்து தொடங்குவது. 3 முதல் 33 வரை நேர்க்கோட்டில் பார்த்துவிட்டு, அப்புறம் 1, 2ஐப் பார்த்து, 34க்குப் போக வேண்டும். நேரம் ஒன்றும் மிச்சமாகாது, அதே 37 மணிதான். ஆனால் குழப்பம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது.

இதில் கிடைத்த ஒரு பரிசைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டாவது எபிசோடில், மலையில், வெய் வூஷியான் மூங்கிலை வெட்டி அவசரமாக ஒரு புல்லாங்குழல் செய்கிறான். கைக்குக் கிடைத்ததைச் செதுக்கியது, சத்தம் கரடுமுரடாக வருகிறது. அந்தச் சத்தத்துக்கு வந்து வெறி பிடித்து நிற்கும் வென் நிங்கைச் சாந்தப்படுத்த, மனதுக்கு வந்த ஒரு மெட்டை வாசித்தபடி பின்னோக்கி நடக்கிறான். முதுகு யார்மேலோ இடிக்கிறது. லான் வாங்ஜி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான், விடவே இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது ஒரு சாதாரண மோதல் காட்சி. 33 முடித்துவிட்டு வந்து பார்த்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. ஏனென்றால் அந்த மெட்டு, நான் கிராபிக்ஸ் சரியில்லை என்று நிறுத்தினேனே, அதே ஆமைக் குகையில், காய்ச்சலில் கிடந்த வெய் வூஷியானுக்காக லான் வாங்ஜி முனகிய மெட்டு. வேறு யாருக்கும் தெரியாது. 16 ஆண்டு தேடியவனுக்கு அந்த ஒரு வரி இசை போதுமாக இருந்தது. இதை இரண்டாவது எபிசோடில் வைத்துவிட்டால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியும்?

இந்த வழியிலும் ஒன்றை இழக்கிறோம். அவன் சாகப் போகிறான் என்று முன்பே தெரிந்திருந்தால் பள்ளிக்கூட நாட்களின் சிரிப்பில் ஒரு வலி கலந்திருக்கும். அது போய்விடும். எனக்கு அந்த இழப்பு சரிதான் என்று பட்டது.

நேரமில்லாதவர்களுக்கென்று 20 எபிசோடில் சுருக்கிய சிறப்புப் பதிப்பு ஒன்று இருக்கிறது, 2019 கடைசியில் வந்தது. 15 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஆசைப்பட்டு முதல் தடவையே அதைப் பார்க்காதீர்கள். இரண்டு நாயகர்களை மட்டும் முன்னால் நிறுத்தி மற்றவற்றை வெட்டியிருக்கிறார்கள். யான்லியும் சூப்பும் அவள் தம்பி ஜியாங் செங்கின் கோபமும் போதிய அளவு இல்லாமல் வெய் வூஷியான் ஏன் உடைந்தான் என்பது புரியாது. முழுத் தொடரையும் பார்த்தவர்கள் ஆசைக்கு மறுபடி பார்க்க ஏற்றது, அவ்வளவுதான்.

கிராபிக்ஸ்தான் உங்கள் குறை என்றால் யோசிக்கவே வேண்டாம், அனிமேஷனுக்குப் போங்கள். 2018இல் 15, 2019இல் 8, 2021இல் 12 என மூன்று சீசனில் மொத்தம் 35 எபிசோடு. ஒவ்வொன்றும் தொடரின் எபிசோடில் பாதி அளவுதான். ஒரு வாரத்து இரவுகளில் முடித்துவிடலாம். வாளேறிப் பறப்பதும் தாயத்துகள் பற்றி எரிவதும் கயிற்றில் தொங்கும் நடிகர்களிடம் எப்படியோ இருக்கும். வரைந்து காட்டும்போது அது இயல்பாக இருக்கிறது. வெய் வூஷியான் இருளுக்குள் நடந்து போகும் காட்சிகளில் அந்தப் பயம் தொடரில் வரவே இல்லை, இங்கே வருகிறது. லான் வாங்ஜிக்கு இரண்டிலும் குரல் கொடுத்திருப்பவர் பியன் ஜியாங். சரித்திர உடைத் தொடர்களில் நடிகர்களுக்குப் பதில் டப்பிங் கலைஞர்கள் பேசுவது சீனத்தில் வெகு சாதாரணம். அதனால் தொடரிலிருந்து அனிமேஷனுக்கு மாறும்போது அந்த ஒரு குரல் நமக்கு முன்பே தெரிந்ததாக இருக்கிறது. அனிமேஷனின் குறை வேகம். உறவுகள் ஊற நேரம் தருவதில்லை. யான்லியை அனிமேஷனில் மட்டும் பார்த்திருந்தால் எனக்கு அவள்மேல் இவ்வளவு பிரியம் வந்திருக்காது.

மூன்றாவது காரணத்துக்கு, அதாவது மழுப்பல்தான் உங்களை விலக்கியது என்றால், நாவலைத் தவிர வேறு வழியில்லை.

நாவலில் வெய் வூஷியானும் லான் வாங்ஜியும் காதலர்கள், கடைசியில் தம்பதிகள். அதில் ஒளிவுமறைவு இல்லை. சீனத்தில் 2016இல் வெளிவந்த தொலைக்காட்சித் தயாரிப்பு விதிகள், காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் ஒருபால் உறவையும் சேர்த்திருந்தன. அதனால் தொடர் அவர்களை 'ஜீஜி' ஆக்கியது: உன்னை உன்னைவிட அறிந்தவன். இப்படிப்பட்ட நட்புக்குச் சீன மரபில் ஆழமான வேர் உண்டு. குச்சின் என்ற தந்தி வாத்தியம் வாசித்த போ யா என்ற கலைஞன், தன் இசையை முழுதும் புரிந்துகொண்ட ஒரே நண்பன் ஜோங் ஸிசி இறந்ததும் தந்திகளை அறுத்துவிட்டு மறுபடி வாசிக்கவே இல்லை என்பது பழங்கதை. ஏழு தந்தி குச்சின் வாசிக்கும் லான் வாங்ஜிக்குப் பின்னால் அந்தக் கதையின் நிழல் இருக்கிறது. கட்டுப்பாட்டுக்குள் நின்றும் நடிகர்கள் இருவரும் கண்ணாலேயே நிறையச் சொல்லிவிட்டார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் முடிவில் இருவரும் பிரிகிறார்கள், பிறகு 'வெய் யிங்' என்ற குரல் கேட்டு அவன் திரும்பிச் சிரிப்பதோடு தொடர் நின்றுவிடுகிறது. அழகான காட்சிதான். ஆனாலும் இத்தனை தூரம் கூடவே நடந்தவர்களுக்கு அது போதாது என்று மனசு சொன்னது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட வேறுபாடு இன்னொன்று. கதையின் திருப்புமுனையில் ஒரு மலைப்பாதையில் ஒரு கொலை நடக்கிறது. நாவலில் வெய் வூஷியான் தன் சக்தியின் மேல் பிடியை இழந்துவிடுகிறான், அவன் தவறால் ஒரு உயிர் போகிறது. சூழ்ச்சி செய்தவர்கள் இருந்தார்கள், ஆனாலும் அந்தக் கணம் அவனுடையது. வாழ்நாள் முழுக்க அவன் சுமக்க வேண்டிய கணம். தொடரில் வேறொருவன் ஒளிந்திருந்து குழல் ஊதிக் குழப்பியதாக வைத்துவிட்டார்கள். நாயகன் கை கறைபடாமல் தப்பிக்கிறது. ரசிகர்கள் பலருக்கு அது நிம்மதி. எனக்கு அது கதையின் முதுகெலும்பை உருவி எடுத்ததுபோல் இருந்தது. நல்ல மனசோடு தொடங்கி, தான் நேசித்தவர்களுக்கே தீங்கு செய்துவிட்ட ஒருவன், இரண்டாம் பிறவியில் அந்தப் பாரத்தோடு எப்படிச் சிரிக்கிறான் என்பதுதானே இந்தக் கதை?

நாவலின் கட்டமைப்பும் வேறு. நிகழ்காலத்தில் ஒரு மர்மத்தைத் துரத்திக்கொண்டே, தேவைப்படும் இடத்தில் கடந்தகாலத்துக்குள் போய் வருகிறது. துண்டாடப்பட்ட ஒரு உடலின் பாகங்களைத் தேடிப்போகும் அந்த மர்மம் தொடரில் ஒரு வாளின் ஆவியாக மாறிப்போனது. ஆங்கிலத்தில் செவன் சீஸ் பதிப்பகம் 2021 டிசம்பரிலிருந்து ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்திருக்கிறது. ஐந்தும் வாங்க நல்ல செலவு பிடிக்கும். முதல் தொகுதி மட்டும் வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பெயர் அட்டவணையும் உச்சரிப்புக் குறிப்பும் உள்ளேயே இருப்பது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: இது வயது வந்தவர்களுக்கான நாவல். படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை, சில இடங்களில் சம்மதம் பற்றிய விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் அனிமேஷனைக் காட்டுங்கள்.

மொத்தமாக இந்தக் கதையே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் நியாயமான முடிவுதான். தேவலோகம், பல பிறவிக் காதல் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் நீங்கள் தேடியது இது அல்ல. 2022இல் வந்த 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' 36 எபிசோடுதான், ஆரம்பக் குழப்பமும் குறைவு. தோற்றுப்போன வீரன், பழைய நட்பு, துப்பறிதல் இவைதான் இழுத்தது என்றால் 2023இன் 'மிஸ்டீரியஸ் லோட்டஸ் கேஸ்புக்', 40 எபிசோடு. ஒரு காலத்தில் உலகின் தலைசிறந்த வாள்வீரனாக இருந்தவன், உடம்பில் விஷத்தோடு, சக்கரம் பூட்டிய மர வீட்டில் ஊர் ஊராகப் போகும் வைத்தியனாக வாழ்கிறான். மந்திரம் குறைவு, மனிதர்கள் அதிகம்.

என்னிடம் யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த எபிசோடில் விட்டீர்கள் என்றுதான். முதல் இரண்டில் விட்டவர்களுக்கு 3இலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஆமையில் விட்டவர்களுக்கு 15 வரை ஒரு வாய்ப்பு, அதன் பிறகு அனிமேஷன். முழுதும் பார்த்துவிட்டு ஏதோ குறைகிறதே என்று இருப்பவர்களுக்கு நாவலின் முதல் தொகுதி. நான் போனது தொடர், அனிமேஷன், நாவல் என்ற வரிசையில். மறுபடி தொடங்கினாலும் அப்படித்தான் போவேன். யான்லியின் முகத்தைத் தொடரில் பார்த்துவிட்டு நாவலைப் படித்தபோது அவள் வரும் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை.

இப்போது அக்காவும் பார்க்க ஆரம்பித்திருக்கிறார், மகள் சொல்லிக் கேட்காதவர் நான் சொல்லிக் கேட்டார். 3இல் தொடங்கி 21க்கு வந்துவிட்டார். சப்டைட்டில் வேகமாக ஓடுவதால் நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் படிக்கிறார். "இந்த லான் பையன் ஏன் வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டேங்கிறான்?" என்று நேற்று போனில் கேட்டார். 33 முடித்ததும் எனக்குச் சொல்லாமல் இரண்டாவது எபிசோடைப் போட்டுவிடாதே அக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மூங்கில் குழல் காட்சியை அவர் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.